அரைத் திருகு

சிஞ்ச்வட்
19 ஆகஸ்ட் 2024

கவுஸ் பாய்,

இந்தக் கோழிக் கிறுக்கல் என் இடது கை எழுத்து. வலது கை மாவுக்கட்டில் இருக்கிறது. ஏன் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. எங்கள் அபார்ட்மெண்ட் சொசைட்டி வாசலில் வைத்துப் பைப் திருகும் பானாவால் நீங்கள் அடித்ததில் மணிக்கட்டும் முன்கையும் காறை எலும்பும் போயின. "எந்தம்பியக் கொன்ன கை இதுதானல!" என்று கத்திக்கொண்டே அடித்தீர்கள். என் மனைவி வைஷு ஓடி வந்து குறுக்கே விழுந்திராவிட்டால் மண்டையும் போயிருக்கும்.

ஃபைசானுக்காக நான் அழுதேன் என்றால் நம்ப மாட்டீர்கள். நம்ப வேண்டாம். அவன் உங்களுக்குத் தம்பி என்றால், கன்ட்ரோல் பானலில் உட்கார்ந்து எனக்குப் பக்கத்தில் வேலை கற்றவனும் அவன்தான். பையன் தயார் என்று மேனேஜரிடம் சொன்னதும் நான்தான். இப்போது அந்த வாக்கியம் சோற்றில் கல் மாதிரி தினமும் கடிபடுகிறது.

கம்பெனி என்னைக் கழுத்தைப் பிடித்து வெளியே தள்ளிவிட்டது. வீட்டில் உட்கார்ந்து அந்த விபத்தையே அரைத்துக்கொண்டிருக்கிறேன். நாம் கெட்டில் என்று சொல்லும் அந்த ரியாக்டருக்குள் சரக்கை விட விடப் பிசின் உண்டாகும், சூடு கிளம்பும். சுற்றி ஓடும் குளிர்ந்த தண்ணீர் சூட்டை வாங்கிக்கொண்டு போக வேண்டும். எவ்வளவு சூடு வருகிறது, எவ்வளவு தண்ணீர் போதும், சரக்கை எவ்வளவு வேகமாக விடலாம் என்று ஒவ்வொரு தடவையும் பார்த்துத் தன்னைத்தானே திருத்திக்கொள்வதற்காக நான் அமைத்ததுதான் அந்தக் கம்ப்யூட்டர். ஜாவயி என்று அதற்கு மராத்தியில் பெயர் வைத்தது நீங்கள். உட்கார்ந்த இடத்திலிருந்து அதிகாரம் பண்ணும் மாப்பிள்ளை என்று.

சரக்கு விடுவது எப்போதும் உங்கள் ஷிஃப்டில்தான். அத்தனை நாளும் கிளம்பியிருக்க வேண்டிய சூட்டில் ஒரு பங்கு கணக்குக்கு வரவேயில்லை. நீங்கள் இல்லாத அந்த ஒரு நாளில் மொத்தமும் வந்தது, கெட்டில் வெடித்தது.

அந்தச் சூடு எங்கே போய்க்கொண்டிருந்தது? நீங்கள் ஏதாவது செய்தீர்களா? இதைக் கேட்கத்தான் எழுதுகிறேன். சமாதானம் பேச அல்ல.

சேஷு


ஜெயில்
27 ஆகஸ்ட் 2024

சேஷு,

அன்புள்ள என்று போட எனக்கென்ன பைத்தியமா?

இங்கே வருகிற போகிற கடிதத்தையெல்லாம் படிக்கும் ஹவல்தாருக்குத் தமிழ் தெரியாது. உன் கடிதத்தைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு என்ன விஷயம் என்று கேட்டார். குடும்பச் சண்டை என்றேன். முத்திரை குத்திக் கொடுத்துவிட்டார். அதனால் மனம்விட்டே எழுதுகிறேன். உன் கையை உடைத்ததற்கு எனக்கு ஒரு மயிரளவும் வருத்தமில்லை. மண்டையைக் குறி வைக்காமல் போனேனே என்றுதான் வருத்தம்.

கொதிக்கும் பிசின் ஆள் மேல் விழுந்தால் என்ன ஆகும் என்று உன் கம்ப்யூட்டர் காட்டுமா? நான் சொல்கிறேன், கேள். அது வழிந்து போகாது, ஒட்டிக்கொள்ளும். தண்ணீர் ஊற்றினால் மேலே இறுகும், அடியில் வெந்துகொண்டே இருக்கும். ஆஸ்பத்திரியில் சட்டையை வெட்டி எடுத்தபோது தோலும் சேர்ந்து வந்தது. அவனுக்குக் கண் போய்விட்டது. "காக்கா, காக்கா எங்க இருக்கீங்க?" என்று அண்ணன் என்னைத் தேடிக் கையை நீட்டினான். பிடித்தேன். என் பிடியோடு அவன் தோல் நகர்ந்தது. பயந்துபோய் விட்டுவிட்டேன். அதற்கப்புறம் அவன் கையை நீட்டவேயில்லை. மய்யித்தின் முகத்தை உம்மாவுக்குக் காட்டாமல்தான் அடக்கினோம்.

இங்கே ஒருத்தன் என் சாப்பாட்டுத் தட்டைக் காலால் தள்ளினான். அந்தத் தட்டாலேயே அவன் மூக்கை உடைத்தேன். அடிக்கும்போது எனக்கு உன் மூஞ்சிதான் தெரிந்தது. வெளியே வரும் நாளில் உன் இடது கையை ஒளித்து வைத்துக்கொள்.

நீ ஆட்டி வைத்த மெஷினால் செத்தான் என்பதை மாற்றி, நான் ஏதோ செய்தேன் என்று எழுதி வாங்கப் பார்க்கிறாய். ஆழம் பார்க்க நான்தான் கிடைத்தேனா? கம்பெனிக்காரனுக்காவது மனசாட்சி இருக்கிறது. ஃபைசான் வேலையை எங்கள் கடைசித் தம்பி நவாஸுக்குக் கொடுத்துவிட்டான். தசரா பூஜை முடிந்ததும் இரண்டாவது கெட்டிலை ஓட்டப் போகிறார்கள். பானலில் அவன்தான்.

கவுஸ்


சிஞ்ச்வட்
6 செப்டம்பர் 2024

கவுஸ் பாய்,

உங்கள் கடைசித் தம்பியைத் தெரியும். நன்றாகவே தெரியும். தினமும் சாயங்காலம் எங்கள் சொசைட்டி கேட்டுக்கு எதிரே பைக்கில் உட்கார்ந்து எங்கள் ஜன்னலையே முறைத்துக்கொண்டிருப்பான். போன வாரம் முறைப்பு போதவில்லை போல. ஒரு கருங்கல் ஜன்னல் கண்ணாடியை உடைத்துக்கொண்டு வந்து வைஷுவின் நெற்றியில் விழுந்தது. புருவத்துக்கு மேலே தையல். என்னை அடிக்க உங்களுக்கு ஒரு காரணமாவது இருந்தது. அவள் என்ன செய்தாள்?

அவள் ரத்தத்தைப் பார்த்ததும் நான் நானாக இல்லை. காய் நறுக்கும் கத்தியை எடுத்துக்கொண்டு படியிறங்கி ஓடினேன். அதற்குள் அவன் வண்டி தெருமுனை தாண்டிவிட்டது. தாண்டாமல் இருந்திருந்தால் இன்று உங்கள் பக்கத்தில் உட்கார்ந்து களி தின்றுகொண்டிருப்பேன். கத்தியைக் கீழே வைக்காமல் வெகு நேரம் கேட்டிலேயே நின்றேன். பயத்தில் இல்லை, தவறவிட்ட கோபத்தில்.

உங்கள் கடிதத்தை அன்று ராத்திரியே கிழித்துப் போட்டிருப்பேன். கடைசி வரி தடுத்துவிட்டது. இரண்டாவது கெட்டிலில் நவாஸா?

கவனமாகப் படியுங்கள். முதல் கெட்டிலை ஓட்டி ஓட்டி ஜாவயி கற்றுக்கொண்ட எண்களை அப்படியே பெயர்த்து எடுத்து இரண்டாவதில் வைத்திருக்கிறார்கள். தீபாவளிக்குப் பெயிண்ட்டுக்காரர்களுக்குப் பிசின் அனுப்ப வேண்டும், அந்த எண்களில் வேலை சீக்கிரம் முடியும், அதுதான் காரணம். வெடித்ததற்குக் காரணம் பழைய கெட்டிலின் வயது என்று தீர்ப்பு எழுதிக்கொண்டார்கள். அந்த எண்களே பொய் என்று எனக்குத் தோன்றுகிறது. கெட்டில் உண்மையில் இருப்பதைவிடச் சாதுவானது என்று அவை சொல்கின்றன. எங்கிருந்து அந்தப் பொய் நுழைந்தது என்று கேட்டால் என்னிடம் பதிலில்லை. பதில் இல்லாதவனை, அதுவும் வேலையைவிட்டுத் துரத்தப்பட்டவனை, எவன் மதிப்பான்? மனு மேல் மனு போட்டுவிட்டேன். கம்பெனி வாசலில் செக்யூரிட்டியே என்னை உள்ளே விடுவதில்லை.

எனக்கு உங்கள் மேலும் அன்பில்லை, நவாஸ் மேலும் அன்பில்லை. அவன் மேல் கல் விழுந்தால் சிரிப்பேன். பிசின் விழக்கூடாது. அது யார் மேலும் விழக்கூடாது. நீங்கள் என்ன செய்தீர்கள் என்று சொல்லாமல் இருந்தால் தசரா முடிந்ததும் உங்கள் உம்மா இன்னொரு முகத்தைப் பார்க்காமல் அடக்குவார்கள்.

சேஷு


ஜெயில்
14 செப்டம்பர் 2024

சேஷு,

உன் மனைவியின் நெற்றிக்கு நான் பொறுப்பில்லை, ஆனாலும் அது தப்பு. பெண்பிள்ளை மேல் கல்லெறிய எங்கள் வாப்பா எங்களை வளர்க்கவில்லை. போனில் நவாஸைக் கிழித்துவிட்டேன். அதோடு அந்தப் பேச்சு முடிந்தது.

நான் என்ன செய்தேன் என்றுதானே குடைகிறாய்? சொல்கிறேன். கேட்டு வெட்கப்படு.

கெட்டிலுக்குப் பின்னால், சுவரை ஒட்டி, குளிர்ந்த தண்ணீர் லைனில் பழைய பைபாஸ் வால்வு ஒன்று இருந்தது. கையால் திருகுவது. ஆள் ஒருக்களித்துத்தான் போக முடியும். உன் வரைபடத்தில் அது கிடையாது. நீ வருவதற்கு முன்பே யாரோ வைத்தது. சரக்கு விட ஆரம்பித்ததும் பின்னால் போய் அதை அரைத் திருகு திறப்பேன். உன் கம்ப்யூட்டர் விடும் தண்ணீரோடு என் தண்ணீரும் கெட்டிலைச் சுற்றும். சரக்கு முடிந்ததும் மூடிவிட்டு வந்து பீடி பிடிப்பேன். நேற்றுப் பிறந்த உன் ஜாவயியை நம்பி அத்தனை பேர் உயிரை விட நான் என்ன கேனையா? நீ டை கட்டிக்கொண்டு ஸ்க்ரீனைப் பார்த்து "பாத்தீங்களா பாய், எவ்ளோ சமத்தா ஓடறது!" என்று பூரித்துப் போவாய். நான் மனதுக்குள் சிரித்துக்கொள்வேன்.

யாரிடமும் சொல்லவில்லை. யாரும் கை வைக்கக்கூடாது என்று மேனேஜர் நோட்டீஸ் ஒட்டியிருந்தான், தெரிந்தால் சீட்டுக் கிழிந்துவிடும். ஃபைசானிடமும் மூச்சு விடவில்லை. உன் வாலைப் பிடித்துக்கொண்டு திரிந்த பையன், உன்னிடம் ஓடி வந்து ஒப்பித்திருப்பான்.

அன்று தேஹு ரோட்டில் பெரியம்மா மகளுக்கு நிக்காஹ். சஹன் தட்டைச் சுற்றி உட்கார்ந்து கறி வாங்கிப் போட்டுக்கொண்டிருந்தபோதுதான் போன் வந்தது. நான் மட்டும் அங்கே இருந்திருந்தால் அரைத் திருகில் அவனைக் காப்பாற்றியிருப்பேன். உன் மெஷினின் லட்சணம் இதுதான். அத்தனை மாதமும் அதைக் காப்பாற்றியது இந்தக் கை.

கவுஸ்


சிஞ்ச்வட்
20 செப்டம்பர் 2024

கவுஸ் பாய்,

இந்தக் கடிதத்தை எழுதி எழுதிக் கிழித்தேன். ஒன்றில் உங்களைக் கொல்வதற்காகவே எழுதினேன். இன்னொன்றில் அழகாகப் பொய் சொன்னேன். இரண்டும் நவாஸுக்கு உதவாது.

சைக்கிள் பழகும் பிள்ளைக்குத் தெரியாமல் அப்பன் பின்னால் சீட்டைப் பிடித்துக்கொண்டே ஓடினால் பிள்ளை என்ன நினைக்கும்? தானேதான் விழாமல் ஓட்டுகிறோம் என்று நினைக்கும். நாளுக்கு நாள் இன்னும் வேகமாக மிதிக்கும். ஜாவயியும் அதைத்தான் செய்தது. உங்கள் வால்வு அதன் கண்ணுக்குத் தெரியாது. உங்கள் தண்ணீர் வாங்கிக்கொண்டு போன சூட்டை, கிளம்பாத சூடு என்று அது படித்துக்கொண்டது. இந்தச் சரக்கு சாது, தண்ணீர் கொஞ்சம் போதும், இன்னும் வேகமாக விடலாம் என்று ஒவ்வொரு நாளும் ஒரு படி ஏறியது. அப்படிக் கற்ற பாடத்தோடுதான் ஃபைசான் அன்று உட்கார்ந்தான். பின்னால் சீட்டைப் பிடிக்கக் கை இல்லை.

நீங்கள் திறக்காமலே இருந்திருந்தால் முதல் வாரத்திலேயே அது தன் தப்பைக் கற்றுத் திருத்திக்கொண்டிருக்கும், கெட்டில் மெதுவாக ஓடியிருக்கும், அவ்வளவுதான்.

ஃபைசானைக் கொன்றது நீங்கள் என்று எழுத என் கை துடிக்கிறது. எழுதினால் பாதிதான் உண்மை. கெட்டிலின் பின்னால் ஒருமுறை ஒருக்களித்துப் போய்ப் பார்க்காதவன் நான். வரைபடத்தில் இல்லாதது உலகத்திலேயே இல்லை என்று இருந்துவிட்டேன். சூடு குறைவதைப் பார்த்து, ஏன் என்று கேட்காமல் பூரித்துப் போனதும் நான்தான். நீங்கள் உடைத்தது சரியான கைதான், பாய். ஆனால் அந்தப் பானாவைப் பிடித்திருந்த கையும் அதே காரியத்தைச் செய்த கை.

இப்போது நவாஸ். இரண்டாவது கெட்டிலில் பைபாஸ் வால்வே கிடையாது. பொய் எண்கள் உண்டு, அரைத் திருகு இல்லை. வால்வைப் பற்றிக் கம்பெனிக்கு எழுதினேன். ஜெயிலில் இருப்பவன் கதையைத் தூக்கிக்கொண்டு வராதே என்று பதில் வந்தது. பழைய கெட்டிலையும் பைப்பையும் இரும்புக்குப் போட்டுவிட்டார்கள். நான் சொன்னால் நவாஸ் காறித் துப்புவான். நீங்கள் சொன்னால்தான் கேட்பான். சொல்லுங்கள்.

சேஷு


ஜெயில்
3 அக்டோபர் 2024

சேஷு,

உன் கடிதத்தைப் படித்துவிட்டுச் சுவரில் குத்தினேன். குத்திக்கொண்டே இருந்தேன். மூன்று பேர் வந்து மேலே விழுந்து அமுக்கினார்கள். அதில் ஒருத்தன் காதைக் கடித்துவிட்டேன். விரல் இரண்டு உடைந்து தனி அறையில் கிடந்தேன். இனி என் எழுத்தும் கோழிக் கிறுக்கல்தான், பொறுத்துக்கொள்.

நீ சொல்வது பொய் என்று நிரூபிக்க என்னவெல்லாமோ யோசித்தேன். கடைசியில் எனக்கே ஞாபகம் வந்தது. ஆரம்பத்தில் அரைத் திருகு போதும். நோன்பு சமயத்தில் அது போதாமல் கொஞ்சம் கூட்டினேன். பெருநாளுக்கு அப்புறம் முக்கால் திருகு. ஏன் கூடிக்கொண்டே போகிறது என்று ஒரு நாளும் நான் யோசிக்கவில்லை. இப்போது யோசித்துவிட்டேன். இந்தக் கைக்குத்தான் பயந்து ஃபைசான் அப்புறம் கையை நீட்டவில்லையோ என்று தோன்றுகிறது. அவன் கேட்டபோது விட்டுவிட்டேன், சேஷு. அல்லாஹ் என்னை என்ன வேண்டுமானாலும் செய்யட்டும்.

நவாஸிடம் போனில் சொன்னேன். கெஞ்சினேன். "அந்த ஐயரு ஒங்கள வெலைக்கி வாங்கிட்டானா காக்கா? என் உயிர என்ன வெலைக்கி வித்தீங்கன்னு ஃபைசான் கேக்க மாட்டானா?" என்று கேட்டுப் போனை வைத்துவிட்டான். அப்புறம் எடுக்கவேயில்லை. உம்மா சொல்லியும் கேட்கவில்லை. ஃபைசான் விட்ட இடத்தில் உட்கார்ந்தே தீருவேன் என்கிறானாம். எங்கள் ரத்தம் அப்படி. வெட்டினாலும் வளையாது.

இன்னும் ஒரு வழிதான் இருக்கிறது. தினமும் உன் கேட்டுக்கு எதிரே வந்து நிற்கிறான் அல்லவா? அவன் வலது கையை உடை.

விளையாட்டுக்கு எழுதவில்லை. கட்டுப் போட்ட கையோடு எவனும் பானலில் உட்கார முடியாது. என் தம்பியை எறும்பு கடித்தாலும் அதை மிதிப்பவன் நான், நானே கேட்கிறேன். தலையில் படாமல் பார்த்துக்கொள். மணிக்கட்டுக்குக் கொஞ்சம் மேலே அடி. ஒரே அடி. இரண்டாவதற்குள் கைக்கு ருசி பிடித்துவிடும், அப்புறம் நிறுத்த முடியாது. எனக்குத் தெரியும், உனக்கும் தெரியும்.

கவுஸ்


சிஞ்ச்வட்
22 அக்டோபர் 2024

கவுஸ் பாய்,

முடித்துவிட்டேன். ஜாமீனில் வெளியே வந்து எழுதுகிறேன்.

தசராவுக்கு முதல் நாள் மெஷின்களுக்குப் பூஜை போட்டுவிட்டு, அங்கே எல்லோருக்கும் வைத்துவிட்ட குங்குமம் நெற்றியில் இருக்க, நேராக எங்கள் கேட்டுக்கு வந்திருந்தான் நவாஸ். நான் வீட்டில் இஞ்சி தட்டும் சின்ன இரும்பு உரலின் உலக்கையைத் துண்டில் சுற்றிக்கொண்டு இறங்கினேன். "என்ன ஐயரே, மன்னிப்பா?" என்று சிரித்தான். வண்டியை ஸ்டார்ட் செய்திருந்தான், வலது கை பிரேக்கில் இருந்தது. இடது கையால் ஓங்கி அடித்தேன். காய்ந்த முருங்கைக்காய் மாதிரி ஒரு சத்தம். அவன் கத்தியது மூன்று மாடிக்குக் கேட்டிருக்கும்.

எனக்குச் சந்தோஷமாக இருந்தது. அதை உங்களிடம் மறைக்க மாட்டேன். அவனைக் காப்பாற்றத்தான் இறங்கினேன், ஆனால் அடித்த நிமிஷத்தில் வைஷுவின் நெற்றியும் என் காறை எலும்பும்தான் கண்முன் நின்றன. நீங்கள் எச்சரித்தது போலவே இரண்டாவது அடிக்குக் கை தானாக ஓங்கியது. மேலே ஜன்னலிலிருந்து வைஷு, "போறும்னா! போறும்! விட்டுடுங்கோ!" என்று அலறினாள். அந்த அடி வண்டி டேங்கில் விழுந்தது. டேங்க் நசுங்கிய பள்ளத்தைப் பார்த்துத்தான் உலக்கையைக் கீழே போட்டேன். அது அவன் தலைக்கு ஒரு சாண் தள்ளி இருந்தது.

கூட்டம் என்னைப் புரட்டி எடுத்தது. போலீஸில் ஏன் அடித்தாய் என்று கேட்டார்கள். உள்ளதைச் சொன்னேன். இன்ஸ்பெக்டர் விழுந்து விழுந்து சிரித்தார். சிரித்துக்கொண்டே நாலு பேரிடம் சொல்லியிருக்கிறார். மறுநாளே அது கம்பெனி கேன்டீனுக்குப் போய்விட்டது. நவாஸுக்குப் பதிலாக உட்காரச் சொன்னபோது நம் சவரிமுத்து, அதுதான் இரண்டாவது கெட்டிலின் பழைய ஆபரேட்டர், கையைக் கட்டிக்கொண்டு நின்றுவிட்டாராம். "ஒரு பூச்சிக்கும் தீங்கு நெனைக்காத ஐயரு எலும்ப ஒடைக்கிற அளவுக்கு அதுக்குள்ள என்னமோ இருக்கு. நான் ஏற மாட்டேன்." ஒருவரும் ஏறவில்லை. என் மனுக்களை நம்பாதவர்கள் நவாஸின் எலும்பை நம்பினார்கள்.

வேறு வழியில்லாமல் பழைய எண்களை அழித்துவிட்டு, தண்ணீரை முழுக்கத் திறந்து, சரக்கைச் சொட்டுச் சொட்டாக விட்டு ஓட்டியிருக்கிறார்கள். வந்த சூட்டைப் பார்த்து மேனேஜர் நாற்காலியைவிட்டு எழுந்துவிட்டாராம். பழைய எண்கள் சொன்னதைப் போல இரண்டு பங்காம்.

உங்கள் கேஸில் என்னைச் சாட்சிக்குக் கூப்பிடுவார்கள். நீங்கள் அடித்ததை அடித்தீர்கள் என்றே சொல்வேன். அதில் ஒரு வார்த்தை குறைக்க மாட்டேன்.

சேஷு


ஜெயில்
5 நவம்பர் 2024

சேஷு சார்,

சாட்சி சொல்லுங்கள். குறைக்க வேண்டாம். அடித்தேன், அனுபவிக்கிறேன்.

நேற்று நவாஸ் என்னைப் பார்க்க வந்தான். அவன் கையை உடைக்கச் சொன்னது நான்தான் என்று சொன்னேன். இரும்பு வலையில் எட்டி உதைத்தான். "நீயெல்லாம் ஒரு காக்காவா?" என்று கேட்டான். ஹவல்தார் வந்து இழுக்கும்வரை உதைத்துக்கொண்டே இருந்தான். பிறகு மாவுக்கட்டுப் போட்ட கையை உயர்த்தி, "கட்டுப் பிரிச்ச அன்னிக்கே அந்த ஐயரப் போட்டுத் தள்ளுவேன். அப்புறம் ஒன்ன" என்றான்.

 அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். கோபத்தில் சிவந்து, மூக்கு விடைத்து, எச்சில் தெறிக்க, இரண்டு கண்ணும் என்னையே முறைத்துக்கொண்டு. கன்னத்தில் சவரம் செய்தபோது பிளேடு கீறிய ஒரு சின்னக் காயம் மட்டும் இருந்தது. வலைக்குள் விரலை நுழைத்து, கட்டுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்த அவன் விரலைப் பிடித்துக்கொண்டேன். உதறினான். இந்தத் தடவை நான் விடவில்லை, சார். நேரம் முடிந்தது என்று மணி அடித்த பிறகும் விடவில்லை.

உங்களைக் கொல்லத்தான் வருவான். கதவை நன்றாகத் தாழ் போட்டுக்கொள்ளுங்கள், வீட்டம்மாவை ஜன்னல் பக்கம் நிற்க வேண்டாம் என்று சொல்லுங்கள். எங்கள் வீட்டுப் பிள்ளை சொன்னால் செய்வான்.

செய்ய வரட்டும். வருவதற்கு அவன் இருக்கிறானே.

கவுஸ்